மாணவர் தரப்பு சம்மதிக்கிறது

“எந்திரிங்க. அந்த நாற்காலியில ஆள் இருக்காரு.”

“யாரு இருக்காங்க? நான்தானே இருக்கேன்.”

“அதுதான் தப்புங்கறேன். எந்திரிங்க முதல்ல.”

வைடன்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தின் பேரவை அறையில், செப்டம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை, மணி மூன்று ஐந்துக்கு இந்தச் சண்டை நடந்தது. கூட்டம் மூன்று மணிக்கு என்று அழைப்பில் இருந்தது. மூன்று என்றால் மூன்றேகால் என்பது அங்கே நானூறு வருட வழக்கம். முன்னதாக வருகிறவர்கள் ஒன்று வெளியூர்க்காரர்கள், இல்லை வம்புக்கு வந்தவர்கள். யோர்டிஸ் இரண்டாவது ரகம். காலியான அறையில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டால் யாரும் கிளப்ப முடியாது என்று கணக்குப் போட்டிருந்தாள். பேரவைச் செயலாளர் பூர்மன் அம்மாள் இருபத்தாறு வருடமாக ஒரு கூட்டத்துக்கும் கால் மணி முன்னால் வராமல் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த அம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார். யோர்டிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நான்கு வயதில் மண்ணியல் படிக்கிற பெண், கை உரமேறிய கை. நாற்காலி இரண்டு அங்குலம் நகர்ந்து நின்றது.

தன்னை முப்பத்தெட்டு பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றாள் யோர்டிஸ். ஒன்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் அறுபத்தொரு பேர்தான் ஓட்டே போட்டார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, அதைச் சுவரில் ஒட்டியதே பூர்மன் அம்மாள்தான். தேர்தலை நான் மறுக்கவில்லையே என்றார் அம்மாள். தேர்ந்தெடுக்கப்பட்டது வேறு, பொறுப்பேற்பது வேறு. முன்னவர் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிற வரைக்கும் பின்னவர் பார்வையாளர் பெஞ்சில்தான். பதினேழாம் விதி.

மேசைமேல் முன்னவரின் பெயர் அட்டை இருந்தது: திரு. ஆன்ஸ்கர் பிராண்டிஸ், மாணவர் தரப்பு. அதன் பக்கத்தில் அன்றைய காகிதங்கள், ஒரு பேனா, ஒரு கண்ணாடிக் குவளை. தண்ணீர் அப்போதுதான் ஊற்றியிருந்தது. குமிழ்கள் இன்னும் அடங்கவில்லை.

“அவரு செத்து நாலு வருஷம் ஆச்சும்மா,” என்றாள் யோர்டிஸ்.

“அப்படி ஒரு தகவல் இந்த அலுவலகத்துக்கு வரல.”

ஊருக்கே தெரிந்த விஷயம். நாலு வருடத்துக்கு முன் பிப்ரவரியில், ஆற்றங்கரைப் படித்துறை பனிக்கட்டி பிடித்துக் கிடந்தபோது, முதலில் சைக்கிள் கிடைத்தது, மறுநாள் பையன் கிடைத்தான். பல்கலைக்கழகம் மலர்வளையம்கூட அனுப்பியது. ஆனால் மலர்வளையம் அனுப்பியது விளம்பரத் துறை. மாணவர் பதிவேடு வைத்திருப்பது இன்னொரு துறை. விளம்பரத் துறை பதிவுத் துறைக்கு எழுதுவதில்லை, பதிவுத் துறை யாருக்கும் எழுதுவதில்லை. அவனை அடக்கம் செய்த அதே வாரத்தில் அடுத்த பருவத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டும் கடிதம் போனது. நினைத்துப் பார்க்கவே முடியாதது அடுத்து நடந்ததுதான். அந்தப் படிவம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த பருவமும் வந்தது. எட்டுத் தடவை.

“வந்திருக்கிற காகிதத்தைத்தான் நான் பார்க்க முடியும்,” என்றார் பூர்மன் அம்மாள். “உங்க ஊர்ப்பேச்சை நான் கோப்புல வைக்க முடியாது.”

யோர்டிஸ் எழுந்து சுவரோரப் பெஞ்சுக்குப் போனாள்.

சண்டை நாற்காலிக்காக இல்லை, வீட்டுக்காக. கெர்பர் சந்து, ஒன்பதாம் எண்: மூன்று மாடி, பதினொரு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. நூறு வருடத்துக்கு முன் ஒரு தோல் வியாபாரியின் விதவை, படிக்கிற பிள்ளைகள் இருக்கட்டும் என்று எழுதிவைத்துப் போனது. அந்த அம்மாளுக்குப் பேராசிரியர்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மாணவர் தரப்பை மூன்று கூட்டங்களில் மூன்று முறை கேட்டுச் சம்மதம் வாங்காமல் வீட்டை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்.

யோர்டிஸ் இரண்டாம் மாடியில் நாலு வயது மகள் மெர்லேயோடு இருந்தாள். தகப்பன் எங்கே என்று சந்துக்காரர்கள் கேட்டுச் சலித்துவிட்டார்கள். மெர்லேயை மழலையர் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று குளிர்பெட்டிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். திங்கள் கூடக் குடியிருக்கும் டாமோ, செவ்வாய் கீழ்வீட்டு இரட்டையர், இப்படி வாரம் முழுக்க. அந்த அட்டவணை இருந்ததால்தான் அவள் ஆய்வுக்கூடத்தில் நாலு மணிக்குமேல் மண்ணைச் சலித்துக்கொண்டிருக்க முடிந்தது. ஊரில் வேறு இடம் தேடாமலும் இல்லை. பதினான்கு வீடு பார்த்தாள். குழந்தை என்ற சொல் வருகிற வரைக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். இந்த வீடு போனால் படிப்பை விட்டுவிட்டு வடக்கே அம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னும் ஒரு வருடம் பாக்கி.

வீட்டைப் பல்கலைக்கழகம் எதற்குக் கேட்டது என்பதைப் பேரவைக்கும் தலைவரான துறைத்தலைவர் வாயால் கேட்பதுதான் நல்லது. பேராசிரியர் முனைவர் முனைவர் ஓட்வின் ராபனால்ட். முனைவர் இரண்டு தடவை. ஒன்றை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் மற்றொன்றையும் சேர்த்துத் திருத்துவார். மூன்றேகாலுக்குப் பதினெட்டு பேராசிரியர்களும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றார்.

“மாணவர் பங்கேற்பு ஆய்வு மையம் நம்ம பல்கலைக்கழகத்தோட நீண்ட நாள் கனவு. மாணவர்களோட குரல்தான் நமக்கு உயிர்நாடி. அந்தக் குரலை அளக்கணும், பதிவு பண்ணணும், பாதுகாக்கணும். அதுக்கு அமைதியான ஒரு கட்டடம் வேணும். மாணவர்கள் உள்ள குடியிருந்தா அமைதி இருக்காது. அதனால முதல் கட்டமா அவங்களைக் காலி பண்ண வைக்கிறோம். பங்கேற்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன செய்ய முடியும்னு எனக்குத் தெரியல.”

பேராசிரியர்கள் கைதட்டுவதில்லை. கைதட்டல் நாடகக் கொட்டகைக்கு. இங்கே விரல் கணுவால் மேசையைத் தட்டுவார்கள். ஓக் மரத்தில் முப்பத்தாறு கைகள் தட்டினால் ஆலங்கட்டி மழை மாதிரி இருக்கும். மழை ஓய்ந்ததும் ராபனால்ட் கடைசி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்: “மாணவர் தரப்பு?”

ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால், மேசையிலிருந்து மூன்று தட்டு கேட்டது. சத்தமாக இல்லை. எலும்பு மரத்தில் படுகிற சத்தம். குவளைத் தண்ணீர் விளிம்புவரை நடுங்கி அடங்கியது.

“மாணவர் தரப்பு சம்மதிக்கிறது,” என்று பூர்மன் அம்மாள் எழுதிக்கொண்டார்.

தட்டல் யோர்டிஸைப் பயமுறுத்தியது பாதிதான். பதினெட்டு பேரில் ஒருவரும் தலையைத் திருப்பிப் பார்க்காததுதான் மீதிப் பயம். ஒருவர் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கட்டடக் காப்பாளர் க்ராலின் நிலவறைக்குப் போனாள். வெந்நீர்க் குழாய் சூடேறினால் தட்டுவது போலச் சத்தம் வருமே, அதுதானே என்று கேட்டாள். அதுதான் என்று யாராவது சொன்னால் நிம்மதியாகப் போயிருப்பாள். க்ரால் வானொலியை அணைத்தார். வெப்பமூட்டி அக்டோபர் ஒன்றாம் தேதிதான் ஓடத் தொடங்கும், அதற்கு ஒரு நாள் முன்னால் துணைவேந்தரே விறைத்துப் போனாலும் ஓடாது என்றார். அந்தப் பக்கச் சுவரில் குழாயே கிடையாது. மரத்தைத் துளைக்கிற வண்டாக இருக்குமோ என்று இரண்டு கோடைக்கு முன்னால் மேசைப் பலகையையே கழற்றிப் பார்த்தாராம். சுத்தமான பலகை.

“நான் அந்த அறைக்குத் தனியா போறதில்லம்மா. பல்பு மாத்தணும்னாகூட ஏணியைப் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போவேன். ஏணிக்காக இல்ல.”

பழுது என்று எழுதிக் கொடுக்கவில்லையா என்றாள். கொடுத்தாராம், முறைப்படி, மூன்று பிரதி. பதிலும் வந்ததாம்: மேசை எதிர்பார்த்தபடி இயங்குகிறது, பழுது ஏதும் இல்லை.

எதிர்பார்த்தபடிதான் இயங்கியது. நாலு வருடத்தில் இருபத்து மூன்று தீர்மானங்களுக்கு மாணவர் தரப்பு சம்மதித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தை மூடினார்கள், சம்மதம். உணவகத்தில் சூப்புக் கிண்ணத்தைச் சிறிதாக்கினார்கள், சம்மதம். ராபனால்டின் தலைவர் பதவியை நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள், இரண்டுக்கும் சம்மதம். அவளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு பேரும் நாற்காலியைக் கேட்டுப் பார்த்தவர்கள்தான். ஒருத்தி லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விட்டாள். மற்றவன் ஒரு பருவம் முழுக்க நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றான். அப்புறம் மாணவர் பங்கேற்பு ஆய்வில் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான்.

அந்த ஆய்வை நடத்துகிற டாக்டர் இம்மோ க்வாஸ்ட் அக்டோபரில் ஒன்பதாம் எண் வீட்டுக்கே வந்தார். மையம் வருவதற்கு முன் அந்த இடத்தின் இயல்பு நிலையைப் பதிவு செய்ய வேண்டுமாம். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் இல்லாத மாதிரி இருங்கள் என்று சொல்லிவிட்டு, யார் யாரோடு பேசுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறவர் யார், கழுவாமல் நழுவுகிறவர் யார் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இரண்டாவது வாரம் மெர்லே ஒரு தட்டில் நூடுல்ஸ் கொண்டு போய்க் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு அதற்கும் ஒரு கோடு போட்டார்.

அவரிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. உங்கள் குரல் கேட்கப்படுவதாக எவ்வளவு உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து (துளியும் இல்லை) ஏழுக்குள் (முழுமையாக) ஒரு எண்ணை வட்டமிடவும். யோர்டிஸ் ஒன்றைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வட்டமிட்டாள். க்வாஸ்ட் முகம் மலர்ந்தார்.

“பங்கேற்பே இல்லன்னு இவ்வளவு ஈடுபாட்டோட பங்கேத்துச் சொல்றவங்க கிடைக்கிறது கஷ்டம். உங்களை ஏழுல சேர்த்துக்கறேன்.”

அடுப்படியில் பருப்பு கிளறிக்கொண்டிருந்த டாமோ கரண்டியோடு திரும்பினான். ஆறேகாலடிப் பையன், எதையும் நிதானமாகத்தான் கேட்பான். “எங்களைத் தூக்கி வெளிய போட்டப்புறம், எப்படி இருக்குன்னு கேக்க வருவீங்களா சார்?”

“கண்டிப்பா. ஆறு மாசத்துல ஒரு தடவை, பன்னெண்டு மாசத்துல ஒரு தடவை. அதுதான் ஆய்வோட இரண்டாம் பாகம்.”

டிசம்பரில் இரண்டாவது கூட்டம். யோர்டிஸ் தன்னோடு குடியிருக்கிற மற்றப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தாள். வெளியே மூடுபனி, சன்னலில் எதுவும் தெரியவில்லை, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். வீடு பற்றிய பேச்சு வந்ததும் பதினொரு பேரும் எழுந்து, நாங்கள் சம்மதிக்கவில்லை என்று சொன்னார்கள். முதலில் சொன்னார்கள், அப்புறம் கத்தினார்கள். யாரும் தடுக்கவில்லை. ராபனால்ட் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பூர்மன் அம்மாள் எழுதினார்: பார்வையாளர் பகுதியில் உற்சாகமான பங்கேற்பு காணப்பட்டது.

அடுத்தது ஒரு பாராட்டு. சிறந்த மாணவர் பிரதிநிதிக்கு அந்த வருடம் முதல் பதக்கம் கொடுக்கப்போகிறார்களாம். போட்டியே இல்லை. நூற்றுக்கு நூறு வருகை, ஒரு நாள் தாமதமில்லை, ஒரு பேச்சில் குறுக்கிட்டதில்லை.

“திரு. பிராண்டிஸ் மாதிரி ஒரு மாணவர் கிடைக்கிறது அபூர்வம்,” என்றார் ராபனால்ட். “கேட்டா பதில் வரும். கேக்காம எதுவும் வராது. இளைய தலைமுறை இப்படித்தான் வரணும்னு நாம எல்லாரும் ஆசைப்படறோம். மத்தவங்களும் ஒரு நாள் இந்த நிலைக்கு வருவாங்கன்னு நம்பறேன்.”

பதக்கத்தை நாற்காலி முதுகில் மாட்டினார்கள். பேராசிரியர்கள் தட்டினார்கள். தட்டி ஓய்ந்தபின் ராபனால்ட் அதைக் கேட்டார்: “மாணவர் தரப்பு?”

மூன்று தட்டு. அத்தோடு நிற்கவில்லை. நாலு, ஐந்து, ஏழு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அவசரமாக. குவளை நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து சாய்ந்து, தண்ணீர் காகிதங்களில் பரவியது. ஒன்பது, பதினொன்று. பெஞ்சில் டாமோ யோர்டிஸின் முழங்கையைப் பிடித்தான். கடைசியில் ஒரு தட்டு தனியாக, கொஞ்சம் இடைவெளி விட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

பூர்மன் அம்மாளின் பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார்: மாணவர் தரப்பு வலியுறுத்திச் சம்மதிக்கிறது.

அன்று பேராசிரியர்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கலைந்தார்கள். ஒருவர் தொப்பியை மறந்துவிட்டுப் போனார். அதை எடுக்க அவர் திரும்பி வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. க்ரால் பிப்ரவரிவரை அதைத் தாண்டித்தான் தரையைத் துடைத்தார்.

இனி ஒரே வழிதான் பாக்கி. அது என்ன என்று யோர்டிஸுக்கு அக்டோபரிலிருந்தே தெரியும். அந்த வழிக்கு வராமல் இருக்கத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். ஆன்ஸ்கரின் அம்மா அப்போது சந்தைமுனை ரொட்டிக்கடையில் நின்றார். ஊரில் பாதிப்பேர் காலையில் அவர் கையால்தான் ரொட்டி வாங்கினோம். யோர்டிஸும் மூன்று வருடமாக வாங்கிவந்தாள். மெர்லேக்கு எப்போதும் ஒரு பிஸ்கட் சேர்த்துப் போடுவார், எதுவும் பேசமாட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணிக்குக் கடை சாத்தியதும், கடைக்கு மேலே அவருடைய மாடி வீட்டுக்குப் போய் மணியடித்தாள். பையில் ஒப்படைப்புப் படிவம் இருந்தது. பிராண்டிஸ் அம்மாள் காபி போட்டார், முந்தின நாள் கேக்கை வெட்டி வைத்தார், எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. யோர்டிஸ் பல்கலைக்கழகம் என்று வாயெடுத்ததும் எழுந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து வந்தார். எட்டு மாணவர் அடையாள அட்டைகள். எட்டிலும் ஒரே படம், காது நீண்ட ஒரு பையன், படம் எடுப்பவனிடம் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல. தேதிகள்தான் வேறு.

“முதல் தடவை கடிதாசு வந்தப்போ யோசிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். உயிரோட இருந்தப்பவும் நான்தானே போடுவேன், அவன் எல்லாத்தையும் மறந்துடுவான். சேர்ந்த அன்னிக்குப் போட்ட கையெழுத்தே என்னோடதுதான். அப்புறம் இந்த அட்டை வந்துச்சு. செப்டம்பர் முப்பது வரைக்கும் செல்லும்னு போட்டிருந்துச்சு. சரி, செப்டம்பர் வரைக்கும் இருக்கான்ல, அப்படின்னு நெனச்சேன்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. யோர்டிஸ் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்க நினைத்ததைக் கேட்க வரவில்லை. தட்டலைப் பற்றித்தான் சொன்னாள், முதலில் மூன்று, டிசம்பரில் அத்தனை. சொல்லி முடித்தபின் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. பிராண்டிஸ் அம்மாள் வெகு நேரம் அட்டைகளைச் சீட்டுக் கட்டு மாதிரி அடுக்கினார்.

“சின்னதுலேருந்து அவனுக்கு நாக்கு ஒட்டிக்கும். முதல் வார்த்தை வராது. பேச வந்துட்டா மேசையத் தட்டுவான். இருங்க, சொல்லப்போறேன்னு அர்த்தம். நாங்க காத்திருப்போம். பள்ளிக்கூடத்துல டீச்சர்கூடக் காத்திருப்பாங்க.” நிமிர்ந்து பார்த்தார். “அங்க யாரும் காத்திருக்கலையா?”

“இல்ல. எழுதிக்கிட்டாங்க.”

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. யோர்டிஸ் எழுந்து மேலங்கியை மாட்டிக்கொண்டாள். வாசலில் அந்த அம்மாள் கேட்டார்:

“பையில என்னம்மா காகிதம்? வந்ததுலேருந்து கையை அதுமேலயே வெச்சிருக்கே. கேக்காமலே போறியா?”

எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே ஒரு தடவை படித்தார், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கடையில் வழக்கம்போல ரொட்டி கொடுத்தார். பிஸ்கட்டும் வைத்தார். அடுத்த மூன்று வாரமும் அப்படியேதான். யோர்டிஸ் கேட்கவில்லை. சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டத் தொடங்கினாள். மெர்லே ஒரு பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, இதுதான் இனி நம் வீடா என்று கேட்டது.

பிப்ரவரியில் மூன்றாவது கூட்டம். மணி மூன்று பதினாலுக்குக் கதவைத் திறந்துகொண்டு பிராண்டிஸ் அம்மாள் வந்தார். மேலங்கிக்குக் கீழே கடையின் மாவு படிந்த முன்துணி தெரிந்தது. நேராகக் கடைசி நாற்காலிக்குப் போய், பதக்கத்தைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்றார் பூர்மன் அம்மாள், பழக்கத்தில்.

“தெரியும். அவங்கம்மா நான்.”

மடித்த படிவத்தைப் பிரித்து மேசைமேல் தள்ளினார். தாளில் கையெழுத்து இருந்தது. பூர்மன் அம்மாள் எழுந்து போய் ஆன்ஸ்கரின் கோப்பை எடுத்து வந்தார். சேர்க்கைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எட்டுப் புதுப்பித்தல் படிவங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேராசிரியர்கள் வாட்சைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“கையெழுத்து ஒத்துப்போகுது,” என்றார். “பதினேழாம் விதிப்படி ஒப்படைப்பு செல்லும்.”

ராபனால்ட் எழுந்துவிட்டார். இதென்ன கூத்து, இதை எப்படி ஏற்பது என்று குரல் உயர்ந்தது. “அவர்தான் இறந்துட்டாரே.”

நாலு வருடத்தில் அந்த அறையில் பேரவைக்காரர் ஒருவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பூர்மன் அம்மாள் பேனாவைக் கையில் எடுத்தார்.

“எந்தத் தேதியில இருந்துன்னு பதிவு பண்ணட்டும், துறைத்தலைவரே?”

சட்டத்துறைப் பேராசிரியர் ஒருவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. இறந்தவர் சம்மதித்ததாக ஆகிவிடும் இருபத்து மூன்று தீர்மானங்கள். நூலகம், சூப்புக் கிண்ணம். தலைவர் பதவி, முதல் நீட்டிப்பு. தலைவர் பதவி, இரண்டாம் நீட்டிப்பு. எண்ணி முடித்து ராபனால்டை நிமிர்ந்து பார்த்தார். ராபனால்டும் அதற்குள் எண்ணி முடித்திருந்தார் போல. மெதுவாக உட்கார்ந்தார். தான் எதுவும் சொல்லவில்லை என்றும், தொண்டை சரியில்லை என்றும், திரு. பிராண்டிஸ் அவர்களின் நீண்ட சேவைக்குப் பேரவை நன்றி தெரிவிக்கிறது என்றும் சொன்னார்.

பூர்மன் அம்மாள் அதை எழுதி, வழக்கமில்லாத வழக்கமாக, உரக்கப் படித்தார்: “ஆன்ஸ்கர் பிராண்டிஸ் இன்றோடு பொறுப்பிலிருந்து விடைபெறுகிறார்.” படிக்கும்போது பேரவையைப் பார்க்கவில்லை, அந்தத் தாயைப் பார்த்தார். பிராண்டிஸ் அம்மாள் பெயர் அட்டையை எடுத்து முன்துணிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். யோர்டிஸ் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

வீடு பற்றிய தீர்மானத்தை வேகமாகப் படித்தார்கள். ராபனால்ட் தலையைத் தூக்காமலே கேட்டார்: “மாணவர் தரப்பு?”

யோர்டிஸ் வாயைத் திறந்தாள். பெட்டிகள், மெர்லே, அட்டவணை, எட்டு அட்டைகள் எல்லாம் தொண்டையில் ஒன்றாக வந்து அடைத்துக்கொண்டன. சத்தம் வரவில்லை. பதினெட்டு முகங்கள். ராபனால்டின் கண் தானாக மேசையின் அந்த மூலைக்குப் போனது; வழக்கமாக அங்கிருந்து ஏதாவது வரும். காது கொடுத்தார். எல்லோரும் கொடுத்தார்கள். மரம் மரமாகவே இருந்தது. மாணவர் தரப்பு ஆட்சேபிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, என்று அவர் தொடங்கியபோது சுவரோரத்திலிருந்து பிராண்டிஸ் அம்மாள் சொன்னார்:

“இருங்க. சொல்லுவா.”

காத்திருந்தார்கள். அந்த அறையின் நானூறு வருடத்தில் அப்படிக் காத்திருந்தார்களா என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கும்.

“வேண்டாம்,” என்றாள் யோர்டிஸ். குரல் கிழிந்து வந்தது. “நாங்க சம்மதிக்கல.”

பூர்மன் அம்மாள் எழுதினார். அந்த வாக்கியத்தை எழுதிப் பழக்கமில்லாததால் ஒரு தடவை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

பங்கேற்பு ஆய்வு மையம் இப்போது பழைய சைக்கிள் கொட்டகையில் இயங்குகிறது. ராபனால்ட் மூன்றாம் நீட்டிப்புக் கேட்கவில்லை. இன்னும் பெரிய ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போய்விட்டார், பங்கேற்பில் அனுபவம் உள்ளவர் என்று. க்வாஸ்ட் சம்மதிக்காதவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை முதலில் வாசித்துத் திருத்திக் கொடுத்த மழலையர் பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொண்டு இன்ஸ்ப்ரூக்குக்குக் குடிபோனார். யோர்டிஸ் மறுவருடம் படிப்பை முடித்து, தனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் முறைப்படி கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு, கிரைஃப்ஸ்வால்டில் மண் ஆய்வு அலுவலகத்துக்குப் போனாள். டாமோவும் அதே ஊருக்குப் போனான். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் இருவரும் மழுப்புகிறார்கள். மெர்லேயைக் கேட்டால் தெரியும், ஆனால் அது தூரத்தில் இருக்கிறது.

பிராண்டிஸ் அம்மாள் ஈஸ்டர்வரை கடையில் நின்றார். ஏப்ரலில் அட்டை வரவில்லை. மே மாதம் ரோஸ்டாக்கில் இருக்கிற தங்கையோடு இருக்கப் போய்விட்டார். ரொட்டி இப்போது சுமார்தான்.

அந்த மாடி வீட்டுக்கு யார் வந்தார்கள் என்றால், பூர்மன் அம்மாளும் க்ராலும். ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் உறுதிமொழி வாசகத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததை மணப்பெண் திருத்திய பிறகுதான் மோதிரம் மாற்றினார்கள். குடிவந்த மூன்றாவது வாரம் அந்த விலாசத்துக்குப் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது: அன்புள்ள ஆன்ஸ்கர், உங்கள் பங்கேற்பு இல்லாமல் எங்களால் இயங்க முடியாது. பூர்மன் அம்மாள் உறையின்மேல் தன் அழகான கையெழுத்தில், இங்கே இல்லை, குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பத்து நாளில், அப்படியானால் புது விலாசத்தைத் தெரிவிக்கவும் என்று இன்னொரு கடிதம் வந்தது. அது சமையலறை அலமாரியில் சாய்ந்து நிற்கிறது. பெண்சாதி பதில் எழுதாமல் வைத்திருக்கிற முதல் காகிதம் அதுதான் என்று க்ரால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.